சாவியைக் கொடுத்தால்தான் சைக்கிள் ஓடும்

நமது தொழிலில் சரக்கு ஊர் ஊராகப் போகும். முதலாளி மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பார். காலை 8 மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால், இரவு 9 மணிக்குச் சிட்டையைச் சரிபார்த்துப் பேரேட்டில் ஏற்றிய பிறகுதான் எழுந்திருக்கிறோம். மூட்டை இறக்குவது லோடுமேன். எடை போடுவது கடைப்பையன். பில் போடுவது கணக்குப்பிள்ளை. நாம் அசைப்பது விரலையும் நாக்கையும்தான். இப்படி 35, 40 வருடம் உட்கார்ந்து சம்பாதித்ததை, 60 வயதுக்கு மேல் டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தே செலவு செய்கிறோம். நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்களில் சட்டைப் பையில் மாத்திரை இல்லாமல் வெளியே கிளம்புகிறவர்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று அது சொன்னது. அதில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லவில்லை. நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

மதுரை கீழமாசி வீதியைச் சுற்றி மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் ஐந்து பேர், 2019 முதல் காலை வேளையில் சைக்கிள் ஓட்டி வருகிறோம். வயது 63-லிருந்து 69 வரை. ஒருவர் பருப்பு மண்டி. வீதி முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஒருவர் முந்திரி, திராட்சை, பேரீச்சை வியாபாரம் செய்யும் பாய். ஒருவர் மிளகாய் வற்றல் கமிஷன் கடை. ஒருவர் எண்ணெய் வியாபாரம் செய்து, இப்போது மருமகனிடம் ஒப்படைத்துவிட்டவர். ஐந்தாவது எங்கள் மளிகை மொத்தக் கடை. பெயர் போட வேண்டாம் என்று நால்வரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பெயர் போட்டால் வீட்டில் படித்துவிடுவார்கள் என்பது ஒரு காரணம்.

சென்ற மாதக் கூட்டத்தில் அன்பர்கள் சிலர், "காலையில் எங்கே போகிறீர்கள், என்ன கிடைக்கிறது, இதழில் எழுதுங்களேன்" என்றார்கள். அதனால் இது.

பழைய கேரியர்

எங்களில் யாருக்கும் சைக்கிள் புதிதல்ல. ஐந்து பேருமே மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கற்றவர்கள். 1970-களின் கடைசியில் கடைக்கு வந்தபோது எங்கள் அப்பாக்கள் கையில் கொடுத்தது கல்லாப்பெட்டிச் சாவி அல்ல. ஹெர்குலிஸ் சைக்கிளும் வசூல் நோட்டும்தான். ஒத்தக்கடை, சமயநல்லூர், திருப்பரங்குன்றம் என்று வாரத்தில் ஒரு நாள் ஒரு திசை. போகும்போது கேரியரில் ஒரு சிப்பம் இருக்கும். வரும்போது மடியில் வசூல் பணம் இருக்கும், அல்லது "அடுத்த வாரம் தருகிறேன்" என்ற பேச்சு மட்டும் இருக்கும். இருட்டிய பிறகு டைனமோ விளக்கு எரியாவிட்டால் போலீஸ்காரர் நிறுத்தி வால்டியூப்பைப் பிடுங்கி எறிந்துவிடுவார். மடியில் பணத்தை வைத்துக்கொண்டு காற்றுப் போன வண்டியைத் தள்ளியபடி ஊர் வந்து சேர்ந்த கதை அண்ணாச்சியிடம் மட்டும் நான்கு உண்டு.

அன்றைக்கு இந்த வண்டி ஓட்டுவதற்கு உடற்பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. பிறகு ஸ்கூட்டர், பிறகு சரக்கு ஆட்டோ, பிறகு எல்லாவற்றுக்கும் போன். சைக்கிள்கள் கோடவுனில் சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் போயின. அத்தோடு நமது காலும் போயிற்று.

மறுபடி ஆரம்பித்து வைத்தவர் வற்றல் கடைக்காரர்தான். 2019-ல் அவருக்குச் சர்க்கரை ஏறி, டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். தெப்பக்குளத்தை நான்கு நாள் சுற்றினார். ஐந்தாம் நாள் முட்டி வீங்கிவிட்டது. திண்டில் சம்மணம் போட்டு முப்பது வருடம் உட்கார்ந்த முட்டி அது. "அப்படியானால் சைக்கிள் ஓட்டுங்கள்" என்றார் டாக்டர். நடக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் முட்டியில் இறங்குகிறது. சைக்கிளில் அந்தப் பாரத்தின் பெரும்பகுதியைச் சீட்டு வாங்கிக்கொள்கிறது. முட்டிக்கு மடங்கி நிமிரும் வேலை மட்டும்தான். இதுதான் விஷயம். ஆனால் வெள்ளை வேட்டிக்காரர் ஒற்றையாய் சைக்கிளில் போனால், "என்ன, வியாபாரம் சரியில்லையா?" என்று வீதியில் கேட்பார்கள். மொத்த வியாபாரிக்கு இது சின்ன விஷயம் அல்ல. அந்தக் கேள்வி பரவினால் மில்காரர் கடன் கொடுக்க யோசிப்பார். ஆகவே துணைக்கு அண்ணாச்சியைக் கூப்பிட்டார். இரண்டு பேராகப் போனால் அது பொழுதுபோக்கு ஆகிவிடுகிறது. மூன்று மாதத்தில் ஐந்து பேரானோம்.

சாவி யார் கையில்?

நாங்கள் எழுத நினைத்த முக்கியமான செய்தி இதுதான். உடம்பைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் படித்துக்கொள்ளலாம். சாவியைப் பற்றி நமது இதழில்தான் எழுத முடியும்.

அண்ணாச்சியின் கடைச் சாவி 38 வருடமாக அவருடைய இடுப்பில் இருந்தது. மகனுக்கு அப்போது 40 வயது. பி.காம். படித்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனாலும் காலையில் அப்பா வந்து பூட்டைத் திறந்தால்தான் அவர் உள்ளே போக முடியும். இது அண்ணாச்சி வீட்டு வழக்கம் மட்டும் அல்ல என்பதைப் படிக்கிற அன்பர்கள் தங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆரம்பத்தில் அண்ணாச்சி எங்களோடு வருவார். ஆனால் ஆறரை மணி ஆனதும் வண்டியைத் திருப்பிவிடுவார். "லாரி வந்துரும், நான் போகணும்." டீ குடிக்கக்கூட நிற்க மாட்டார். பெடல் மிதித்த நேரம் முழுவதும் அவர் மனசு ஷட்டர் வாசலிலேயே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று வர வேண்டிய லோடு திங்கள்கிழமைதான் வரும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அந்த தைரியத்தில் கீழக்குயில்குடி வரை வந்தார். மதுரைக்கு மேற்கே, நாகமலைப் பக்கம், சமணர் மலை அடிவாரம். தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோவிலும் உள்ள இடம். போக ஒரு 12 கிலோமீட்டர் இருக்கும். திரும்பும்போது அவர் பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறிவிட்டது. ஞாயிறு காலை, பஞ்சர் கடை ஒன்றும் திறக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து, ஒரு கடைக்காரரை எழுப்பி, ஒட்டு போட்டு முடிக்க ஒன்பதரை ஆயிற்று.

கடை வாசலில் லாரி நின்றது. லோடு ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டது. மகன் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருக்கிறார். லோடுமேன்கள் ஆறு பேர் எதிர்க் கடைத் திண்ணையில் பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். டிரைவர் இரண்டரை மணி நேரக் காத்திருப்புக் கூலி கேட்கிறார். மேலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சில்லறைக் கடைக்காரர் இருவர், அவசரத்துக்கு வேறு மண்டியில் துவரம்பருப்பு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மகன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "அப்பா, பஞ்சரா?" என்று மட்டும் கேட்டாராம். அதுதான் அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பூட்டுக்கடையில் இன்னொரு சாவி அடித்துக் கொடுத்தார். கடைச் சாவி மட்டும்தான்; கல்லாச் சாவி அல்ல. கல்லாச் சாவி போக இன்னும் எட்டு மாதம் ஆயிற்று.

மகன் கையில் சாவி போன பிறகு கடையில் எல்லாம் சுபமாக நடந்தது என்று எழுதினால் வியாபாரிகள் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் வருடமே அவர் உளுந்தில் கையைச் சுட்டுக்கொண்டார். விலை ஏறும் என்று உச்சத்தில் வாங்கி அடுக்கினார். வாங்கிய இரண்டாம் வாரம் இறங்கத் தொடங்கியது. தொகையை எழுத வேண்டாம். ஒரு கல்யாணச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் அண்ணாச்சி எங்களோடு வந்தார். ஆனால் தெப்பக்குளம் தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் முன்னால் போகிறவர் கடைசியில் வந்தார். டீக்கடையில் இறங்கியதும், "சாவியைத் திருப்பி வாங்கிரலாம்னு இருக்கேன்" என்றார்.

நாங்கள் மூவரும் பேசாமல் இருந்தோம். பாய்தான் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க உங்க அப்பா காசுல கத்துக்கிட்டீங்க. உங்க மகன் உங்க காசுல கத்துக்கிறாரு. நீங்க போன பிறகு யாரு காசுல கத்துக்குவாரு?"

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. டீயை ஆற வைத்துக் குடித்தார். அன்று அவர் சாவியை வாங்கவில்லை. இன்று வரை வாங்கவில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்குக் கடைக்குப் போய் அன்றைய பேரேட்டைப் புரட்டும் வழக்கத்தை விடவும் இல்லை. மகனும் அதைத் தடுப்பதில்லை. இப்போது அங்கே கம்ப்யூட்டர் பில். மாதக் கடைசியில் வராத பாக்கி எவ்வளவு, எத்தனை நாள் என்று பட்டியல் தானாக வருகிறது. "நாம மனசுல வச்சிருந்த கணக்கை அவன் பெட்டியில வச்சிருக்கான்" என்று அண்ணாச்சி சொல்வது புகாரா பெருமையா என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

காலையில் இரண்டு மணி நேரம் நாம் கடையில் இல்லாமல் இருந்தால்தான், நாம் இல்லாமல் கடை நடக்குமா என்பது தெரியவரும். அது தெரிய வேண்டிய காலம் நாம் கல்லுப் போல இருக்கும்போதே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது அல்ல. திடீரென்று மூத்தவர் படுத்துவிட்டு, யாருக்கு எவ்வளவு கொடுக்கல் வாங்கல் என்று மகனுக்குத் தெரியாமல், கொடுக்க வேண்டியவர்கள் மட்டும் வரிசையாக வந்து நின்ற கடைகளை நமது வீதியிலேயே பார்த்திருக்கிறோம். வாங்க வேண்டியவர்கள் வரவே இல்லை.

எங்கே போகிறோம்

காலை 5 மணிக்கு விளக்குத்தூண் அருகே கூடுவோம். அந்த நேரத்தில் நமது வீதிகளில் இரவு லோடு இறங்கி முடிந்திருக்கும். மஞ்சளும் மல்லியும் மிளகாயும் கலந்த வாசனை தரையோடு படிந்து கிடக்கும். காமராஜர் சாலை வழியே கிழக்கே போய் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று. திருமலை நாயக்கர் வெட்டிய குளம். பல வருடம் வறண்டு கிடந்து பையன்கள் கிரிக்கெட் ஆடியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் நிற்கிற காலையில் மைய மண்டபம் தலைகீழாகத் தெரிவதைப் பார்க்க வண்டியை நிறுத்தாமல் இருக்க முடியாது. நிறுத்தாமல் ஓட்ட வேண்டும் என்பது வற்றல் கடைக்காரர் கட்சி. நாங்கள் நால்வரும் எதிர்க்கட்சி.

ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி, அல்லது மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை வரை. விடியும்போது யானைமலை, பேருக்கு ஏற்றபடி படுத்த யானையாகவே மெல்ல மெல்லத் தெரியும். எங்கும் வேகம் கிடையாது. மணிக்கு 12, 13 கிலோமீட்டர். பேச முடிகிற வேகம். மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அதுவே சரியான வேகம் என்று டாக்டரும் சொல்கிறார்.

பேச்சில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். டீக்கடை வரும் வரை யாரும் விலை பேசக் கூடாது. துவரை என்ன, பாமாயில் என்ன என்று வாய் தவறிக் கேட்டவர் அன்றைய டீ, பருத்திப்பால் செலவு முழுவதையும் ஏற்க வேண்டும். இதில் அதிகம் கட்டியவர் எண்ணெய்க்காரர். வேடிக்கை என்னவென்றால் அவருக்கு இப்போது கடையே இல்லை.

அவரைப் பற்றி இரண்டு வார்த்தை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அவர் வீட்டம்மா போய்விட்டார். கடையை அதற்கு முன்பே மருமகனிடம் கொடுத்திருந்தார். அதன் பிறகு அவருக்கு எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை. பகல் முழுவதும் எங்கள் கடைகளில் மாறி மாறி வந்து உட்காருவார். யாராவது வாடிக்கையாளர் வந்தால் எழுந்து அடுத்த கடைக்குப் போவார். நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் வற்றல் கடைக்காரர் விடிகாலையில் இன்னொரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் மணி அடித்தார். "மாப்பிள்ளை, வெளிய வாங்க." மூன்று நாள் வரவில்லை; நான்காம் நாள் வந்தார். இப்போது ஐந்து மணிக்கு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். மனத்துயரம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். கீழக்குயில்குடிக் குளக்கரையில் சில நாள் தனியே போய் உட்கார்ந்துகொள்வார், அழைக்க மாட்டோம். அவர் எழுந்து வரும் வரை மற்றவர்கள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்போம்.

பாய் விழுந்தது

2024 நவம்பரில், மழைக்கு மறுநாள், பாய் விழுந்தார். வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடை. அதன் ஓரம் மணல். ஓடும்போது விழவில்லை. வேகத்தடைக்கு முன்னால் நிறுத்தி இறங்கப் பார்த்தார். காலைத் தூக்கிப் பின்னால் போடும்போது வேட்டி சீட்டில் மாட்டிக்கொண்டது. இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

நாங்கள் நால்வரும் வீட்டுக்குப் போனோம். மகன் சைக்கிளைக் கோடவுனில் வைத்துப் பூட்டிவிட்டார். எப்போதும் மரியாதையாகப் பேசுகிற பிள்ளை அன்று விடவில்லை. "அத்தாவுக்கு 66 வயசு. இடுப்பு எலும்பு போயிருந்தா யாரு பார்க்கிறது? நீங்களா வந்து பார்ப்பீங்க?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அவர் கேட்டதில் தவறும் இல்லை. இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிவு என்பது பலருக்குப் படுக்கையோடு போய்விடுகிற காரியம்.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் பாய் கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சர்க்கரை ஏறியது. தூக்கம் போயிற்று. சின்ன விஷயத்துக்கெல்லாம் கடைப்பையன்களிடம் எரிந்து விழுந்தார். கடைசியில் மகனே எங்களைத் தேடி வந்தார். "எப்படி ஓட்டினா விழ மாட்டாரு, அதைச் சொல்லுங்க" என்று கேட்டார். அதன் பிறகு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து யோசித்த விஷயம்தான் மற்ற அன்பர்களுக்கும் பயன்படும்.

பெரியவர்களுக்கு ஆபத்து ஓட்டும்போது மட்டும் இல்லை; ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கிறது. நடுவில் பார் உள்ள வண்டியில் காலைப் பின்னால் தூக்கிப் போட வேண்டும். அந்த ஒரு விநாடி நாம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். பார் இல்லாத வண்டியில் இந்த வேலையே கிடையாது. முன்னாலேயே கால் வைத்து ஏறலாம், அப்படியே இறங்கலாம். நமது ஊரில் அதற்கு லேடீஸ் சைக்கிள் என்று பெயர் வைத்துவிட்டார்கள், தொந்தரவே அதுதான். பாய் அந்த வண்டியில் முதல் நாள் வந்தபோது எண்ணெய்க்காரர் சிரித்த சிரிப்பு விளக்குத்தூணுக்கே கேட்டிருக்கும். இன்று ஐவரில் மூவர் ஓட்டுவது அந்த வண்டிதான். எண்ணெய்க்காரர் உட்பட.

சீட்டு உயரமும் முக்கியம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நிமிர வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். சீட்டைத் தாழ்த்தி வைத்து முட்டி நெஞ்சுக்கு வரும்படி மிதிக்கிறவர்களுக்குத்தான் முட்டி வலி வருகிறது. ஆனால் ஏறி இறங்கப் பழகும் வரை சற்றுத் தாழ்வாகவே இருக்கட்டும். வேட்டியை விட்டு நாங்கள் எல்லோரும் பேன்ட்டுக்கு மாறிவிட்டோம். அண்ணாச்சி மட்டும் அரைக்கால் சட்டை போட மறுக்கிறார். தலைக்கவசம் கட்டாயம். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இப்போது டைனமோ தேவையில்லை, சார்ஜ் செய்கிற விளக்கு வந்துவிட்டது. மழை பெய்தால் அன்று விடுமுறை. மழைக்கு மறுநாளும் விடுமுறை. இது பாயின் மகன் போட்ட சட்டம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. வழியில் சர்க்கரை இறங்கித் தலை சுற்றினால் அது விழுவதைவிட மோசம். எங்கள் எல்லோர் பையிலும் கற்கண்டு இருக்கும். சப்ளை எங்கள் கடை. நெஞ்சு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வண்டியைத் தொட வேண்டாம். இன்னொன்று: சைக்கிள் எலும்புக்கு அவ்வளவாக உதவாது, உடம்புப் பாரம் சீட்டில் போய்விடுவதால். அதற்கு நடையும் கொஞ்சம் பளு தூக்குவதும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு என்றும், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் தசை வலுப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நிமிடக் கணக்கை எங்கள் சைக்கிள் பார்த்துக்கொள்கிறது. வலுவுக்கு வற்றல் கடைக்காரர் தினமும் ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்குகிறார். மின் தராசு வந்த பிறகு அந்தக் கல்லுக்கு வேறு வேலை இல்லை.

ஒரு ஒயின் வியாபாரி

வயதாகிவிட்டது, இனி எங்கே என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். பிரான்ஸ் நாட்டில் ராபர்ட் மர்ஷான் என்று ஒருவர் இருந்தார். 1911-ல் பிறந்தவர். தீயணைப்பு வீரர், லாரி டிரைவர் என்று பல வேலை பார்த்து, தோட்ட வேலையும் ஒயின் வியாபாரமும் செய்து ஓய்வு பெற்றவர். ஒரு வகையில் நம்மவர்தான். அவர் மறுபடி முறையாக சைக்கிள் ஓட்டத் தொடங்கியபோது வயது 67. 2017 ஜனவரியில், 105 வயதில், பாரிஸ் அருகே உள்ள சைக்கிள் ஓட்டப் பந்தய அரங்கில் ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். அது எங்கள் வேகத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம்! அவருக்கு 101 வயதிலும் 103 வயதிலும் பரிசோதனை செய்த ஆராய்ச்சியாளர்கள், பயிற்சியால் அவர் உடம்பு எடுத்துக்கொள்ளும் பிராணவாயுவின் உச்ச அளவு 13 சதவீதம் கூடியிருந்ததாகக் கண்டார்கள். நூறு வயதுக்கு மேல் கூடியிருக்கிறது. 2021-ல், 109 வயதில் காலமானார். நாங்கள் யாரும் அந்த வயதுக்கு ஆசைப்படவில்லை. இருக்கிற வரை அடுத்தவர் தோளைப் பிடிக்காமல் படியேறினால் போதும்.

செலவு பற்றிக் கேட்கிறார்கள். சாதாரண வண்டி போதும். கியர் வேண்டாம், மதுரையில் ஏற்றம் அதிகம் இல்லை. நல்ல ஏலக்காய் நாலைந்து கிலோ வாங்குகிற பணத்தில் நல்ல சைக்கிள் வந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் கேட்டு வாங்குங்கள். பழைய வண்டி கோடவுனில் இருந்தால் ஓவராயில் செய்து, சக்கரத்தில் கோட்டம் எடுத்து, டயர் டியூப் மாற்றினால் இன்னும் பத்து வருடம் ஓடும். எங்கள் கடை ஹெர்குலிஸ் அப்படித்தான் ஓடுகிறது. அந்தக் காலத்து இரும்பு. பின் கேரியரில் சிப்பம் ஏற்றிய தழும்பு இன்னும் தெரியும்.

காலை எட்டு மணிக்கு வீடு திரும்பிய பிறகு மீதிப் பகலை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. சாவியைக் கொடுத்தவர்களுக்கு அதுதான் பெரிய கேள்வி. அண்ணாச்சி பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். பாய் பழைய வாடிக்கையாளர்களிடம் போய் உட்கார்ந்து நின்றுபோன பாக்கியைப் பேசி வாங்கி வருகிறார். மகனால் முடியாத வேலை அது, ஏனென்றால் அந்தக் கடைக்காரர்கள் பாயின் முகத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். வற்றல் கடைக்காரர் இன்னும் முழுச் சாவியையும் கொடுக்கவில்லை. எங்கள் கடையில் கொள்முதல் மகள் கையில், பட்டுவாடா மகன் கையில், வாசலில் நாற்காலி எங்களுக்கு. அரசாங்க உத்தியோகஸ்தருக்கு ஓய்வு தேதியும் பென்ஷனும் உண்டு. நமக்கு இரண்டும் இல்லை. 2019-ல் மத்திய அரசு சிறு வியாபாரிகளுக்கு ஒரு பென்ஷன் திட்டம் தொடங்கியது. 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய். ஆனால் சேருகிற வயது 18 முதல் 40 வரை. விற்றுமுதல் வருடத்துக்கு 1.5 கோடி ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நமக்கு அது உதவாது. சின்னக் கடை வைத்திருக்கும் இளைய அன்பர்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

சேர விரும்பும் உறுப்பினர்கள் நாளையே வரலாம். கட்டணம் இல்லை. செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 5 மணி, விளக்குத்தூண். விளக்கும் தலைக்கவசமும் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. கடைச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தீர்கள் என்று அண்ணாச்சி முதல் கேள்வியாகக் கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும்.